மூன்று அடிஷனல் ஷீட்டும் ஒரு நீலச் சுடிதாரும்

செவ்வாய், இரவு. எங்கள் நீலசந்திரா வீடு.

நாளை தத்துவப் பரீட்சை. மாதிரித் தேர்வின் தாள் இன்றுதான் கைக்கு வந்தது. "கொடுத்த வாக்கை மீறுவது எப்போதுமே தவறா?" என்பது கேள்வி. மூன்று அடிஷனல் ஷீட் வாங்கி, தத்துவவாதிகள் சொன்னதையெல்லாம் கொட்டி, அவர்கள் பெயருக்கடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடும் போட்டிருந்தேன். பாதி மார்க்கூட வரவில்லை. தத்துவம் எடுக்கும் மேடம் கோலார் தங்கவயல்காரர், அதனால் தமிழிலேயே சொன்னார்: "எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கே. நீ என்ன சொல்றேன்னுதான் காணோம்மா."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், நாளைக்குத் தருவதாகச் சொன்ன நீலச் சுடிதாரை, அடுப்படியில் நின்றுகொண்டு தங்கை தர மாட்டேன் என்கிறாள்.

"சொன்னா சொன்னபடி குடுக்கணும்டி," என்றேன்.

"திடீர்னு எனக்கு இன்டர்வியூ வந்தாலுமா?"

"முன்னாடியே சொல்லணும் இல்ல? உன்னை நம்பித்தானே நான் வேற எதையும் துவைக்கலை."

"இப்பதான்க்கா போன் வந்துச்சு. உங்க பரீட்சையில டிரஸ்ஸைப் பார்த்தா மார்க் போடுறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கருத்து, அவள் மறுப்பு, அதற்கு என் பதில், அதற்கொரு காரணம். மேடம் கேட்டது இதைத்தானே! மூன்று ஷீட்டில் வராதது அடுப்படிச் சண்டையில் தானாக வருகிறது. நாளை முதல் வரியிலேயே நான் என்ன நினைக்கிறேன் என்று எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் பிறகு வரட்டும்.

அவளுடைய கடைசிக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. சுடிதாருக்கு நானே இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டேன்.