ஒன்றாம் அறையில் அத்தையின் காய்

செப்டம்பர் 9, 2024
வண்டன்மேட்டில் காலையிலிருந்து மழை. நான் நிரல் எழுதிக் கொடுத்த, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மூன்று அறைகளும் நிறைந்துவிட்டன. ஒன்றில் நேற்றே போட்ட ராமுத்தாய் அத்தையின் காய், மூன்றில் இன்று வந்த அருள்குமாருடையது. இனி அவரவர் வீட்டிலிருந்தே போனில் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். கோடையில் செடியெல்லாம் கருகியபின் அத்தைக்குக் கிடைத்த முதல் நல்ல பறிப்பு இது.

செப்டம்பர் 10
மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் சர்வர் தானாகவே எழுந்துவிட்டது. நிம்மதி.

செப்டம்பர் 11
அத்தையின் காய் போச்சு. பச்சை வெளுத்து, தோல் வெடித்து, சருகு மாதிரி கிடக்கிறது. வாட்ச்மேன் காளிச்சாமி தூங்கிவிட்டார் என்று எல்லாரும் ஏசுகிறார்கள். அவரா? இல்லை — நானா?

செப்டம்பர் 12
நான்தான்.

போனிலிருந்து வரும் அழைப்பு எந்த அறைக்கு என்பதை சர்வர் ஓர் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அறைகள் எழும் வரிசையில் அந்த எண்ணைக் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். ஆனால் ஜெனரேட்டர் ஓடினால் ஈரக் காய் உள்ள அறையைத்தான் முதலில் போடுவார்கள், இல்லாவிட்டால் புளித்துவிடும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? காளிச்சாமி முறைப்படி மூன்றாம் அறையை முதலில் போட்டிருக்கிறார். அதன் எண் ஒன்றாகிவிட்டது, அத்தையின் அறைக்கு மூன்று. அருள் போனில் பழைய எண்தான். அவன் தன் ஈரக் காய்க்குச் சூட்டைக் கூட்ட, அது அத்தையின் காய்ந்து முடிந்த காய்க்குப் போயிருக்கிறது. அப்படி எண்ணே இல்லையென்றால் பிழை காட்டியிருக்கும். எண் இருந்தது, எல்லாம் ஒரே மாதிரி அறை, சொன்னதைச் செய்துவிட்டது. சனியன்.

செப்டம்பர் 13
எல்லார் முன்னாலும் சொன்னேன். காளிச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒன்ன நம்பித்தான தாயி கொண்டாந்து போட்டேன்."

செப்டம்பர் 14
சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 20
திருத்திவிட்டேன். ஒவ்வொரு அறைக்கும் மாறாத அடையாளம், எந்த வரிசையில் எழுந்தாலும் அதேதான். வந்த அழைப்பு தனக்குரியதா என்று அறை பார்க்கும். இல்லையென்றால் மறுத்துவிடும். இதை முதலிலேயே செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நாள்.

அக்டோபர் 24
மறுபடி மழை, கரண்ட் இல்லை. ஸ்டோருக்கு ஓடினேன். காளிச்சாமி மூன்றாம் அறையை முதலில் போட்டார். போனிலிருந்து மூன்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றும் சரியான அறைக்கே போனது. ஒன்றாம் அறையைத் திறந்தால் வெறும் தட்டுகள், சூடாகிக்கொண்டிருந்தன. அத்தை நேற்றே இந்தப் பறிப்பைக் கீழே உள்ள, விறகு எரித்து உலர்த்தும் பழைய ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

போனில் அந்த அறையை அணைக்கச் சொன்னேன். உடனே அணைந்தது.