வாசகர் வட்டத்தின் பதிவேடு

ஜூன் 7, சனி
இன்று நூலக வாசகர் வட்டத்தில் ஒரே கூச்சல். இரண்டு பழைய நாவல்களை எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் ஒரு கொடுங்கோல் நாடு. முதலாவதில் படைவீரர்கள் கதவை உடைத்து ஆட்களைத் தூக்கிப் போகிறார்கள். இரண்டாவதில் யாரும் யார் வீட்டுக்கும் வருவதே இல்லை. ஜனங்களே வரிசையில் நின்று அடுத்தவரைப் பற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த நாடு நம்பும்படி இருக்கிறது என்பதுதான் விவாதம்.

நான் கதவுடைக்கிற நாவல் பக்கம். அடிக்காமல், மிரட்டாமல் எவன் போய் எழுதிக் கொடுப்பான் என்று கேட்டேன். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "அந்த ரெண்டாவது நாட்டுக்குப் போக டிக்கெட்டே வேண்டாம் மேடம். வாசல்ல இறங்கினாப் போதும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நூலகர் நான்தான் என்பதால், வழக்கம்போல் யார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தை பிசகாமல் பதிவேட்டில் எழுதி, அவரவர் பேச்சுக்குக் கீழே கையெழுத்தும் வாங்கினேன். மற்ற கிளைகளில் தேதியும் வந்தவர் எண்ணிக்கையும் மட்டும்தான் எழுதுவார்கள். எனக்கு இதில் ஒரு பெருமை.

ஜூன் 11
தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. நூலகக் கூட்டங்களின் பதிவேடுகளை 'விருப்பமுள்ளோர் பார்வைக்கு அனுப்பி உதவலாம்'. கெடு இல்லை. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. நான்கு தடவை படித்தேன். பதிவேட்டில் ஜூன் 7-ஐப் புரட்டினேன்: மருந்துக்கடைக்காரர் பேச்சு, கீழே அவர் கையெழுத்து.

ஜூன் 12
இவரிடம் காட்டினேன். "கட்டாயம்னு சொல்லலையே, விடு. நீயா ஏன் இழுத்துத் தலையில போட்டுக்கிற?" என்றுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். இவருக்கென்ன, அந்தப் பதிவேட்டில் இவர் பெயரா இருக்கிறது?

ஜூன் 7 தாளை மட்டும் கிழித்துவிடலாமா? பக்கங்களுக்கு எண் போட்ட புத்திசாலியும் நான்தான். கிழித்தால் 142க்கு அடுத்து 145 பல்லை இளிக்கும்.

ஜூன் 14, சனி
'இன்று கூட்டம் இல்லை' என்று பலகையில் எழுதி வைத்தேன். மருந்துக்கடைக்காரர் மட்டும் உள்ளே வந்தார். "உடம்பு சரியில்லையா மேடம்? முகமே வெளிறிக் கிடக்கு." சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதியம் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

ஜூன் 17
பதிவேட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. போன்கூட இல்லை.

ஜூன் 18
இன்றும் யாரும் வரவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து எட்டிப் பார்க்கிறேன். வந்து அதட்டினாலாவது பரவாயில்லை — பிடுங்கிக்கிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். கேட்காமலே இருந்தா நான் என்னதான் பண்றது? மற்ற கிளைகள் எல்லாம் அனுப்பியிருக்குமோ? என்னுடையது மட்டும் வரவில்லை என்று எவராவது குறித்து வைத்திருந்தால்? ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. பயமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது, பயம்தான்.

ஜூன் 20
விடுப்பு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, பதிவேட்டை நானே தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கிளார்க் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "இத யாரு கேட்டா?" என்றார். சுற்றறிக்கையைக் காட்டினேன்.

"ஓ, அதுவா. இதுவரைக்கும் யாருமே தரல. நீங்கதான் முதல் ஆள்."

திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முத்திரை குத்திவிட்டார்.

ஜூன் 21
நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் அந்த ஒன்றை யார் தேடிப் படிக்கப் போகிறார்கள்?

ஜூன் 27
மருந்துக்கடை மூன்று நாளாகப் பூட்டிக் கிடக்கிறது.

ஜூலை 2
அவர் மனைவி நூலகத்துக்கு வந்தார். விசாரணைக்கு வரச் சொல்லி போன் வந்ததாம். குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தானே ஆட்டோ பிடித்துப் போனாராம். இன்னும் திரும்பவில்லை.

"எதுக்குன்னே தெரியலக்கா. ஒரு மனு எழுதித் தாங்களேன். நீங்க முத்து முத்தா எழுதுவீங்கன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

எழுதினேன். எந்த வம்புதும்புக்கும் போகாதவர், நல்ல மனிதர் என்று முழுப் பக்கம். முடிக்கும்போதுதான் உறைத்தது — இதே கையெழுத்தில்தான் பதிவேடும் அங்கே அவர்கள் கையில் இருக்கிறது.

"இதைப் பார்த்து நீங்களே வேற தாள்ல எழுதிடுங்கம்மா. உங்க கைப்பட எழுதினாத்தான் மதிப்பு" என்றேன்.

என் மேசையிலேயே உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினார். என் தாளை வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.