சாய்ந்தால் கால் எட்டவில்லை

2 ஆகஸ்டு 1964, ஞாயிறு
இந்த மடக்குச் சோபாவை இன்றோடு மூன்று தடவை பிரித்துப் பூட்டியாகிவிட்டது. விரித்தால் நாலடி அகலம், படுக்கக் குறையே இல்லை. மடக்கினால் ஆசனம் இரண்டரை அடி ஆழம், அதில் உட்கார்ந்தால்தான் வினை. என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் சாய்ந்தால் கால் தரையை எட்டவில்லை. காலை ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் ஓரடிக்கு மேல் வெற்றிடம். "இதுக்குக் குழாயடியில இன்னொருக்க விழுந்துரலாம்" என்கிறாள்.

குழாயடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவளை ஒரு வருஷம் தரையில் உட்காரவோ படுக்கவோ கூடாது என்றுவிட்டார் டாக்டர். இந்தத் தாராவி வீட்டில் கட்டிலைப் போட்டால் அடுப்புக்கு இடமில்லை. வேறென்ன செய்வேன்?

4 ஆகஸ்டு
அவள் தம்பி தளவாய் ஊரிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். 23ஆம் தேதி வருகிறானாம், அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். அங்கே கட்டிலும் நாற்காலியும் கிடக்கின்றன. அவன் சொல்வது நியாயம்தான், அதுதான் எரிச்சல். எத்தனை வீட்டுக்குக் கதவு ஜன்னல் வைத்திருப்பேன், கட்டினவள் உட்கார ஒன்று செய்ய வக்கில்லை. அவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

9 ஆகஸ்டு, ஞாயிறு
மெத்தை தைக்கும் மிக்கேல்ராஜ் வந்து தேங்காய் நார் அடைத்துக் கொடுத்தார். "ஒசரமா இருந்தா ராசா மாரி உக்காரலாம் வே" என்றார். உயர்ந்ததுதான் மிச்சம், இப்போது அவள் கால் இன்னும் மேலே தொங்குகிறது. எனக்கும் அவருக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு மட்டும் என்ன கேடு? ஊருக்குப் போகத்தான் குறை சொல்கிறாளோ?

10 ஆகஸ்டு
கேட்டுத் தொலைத்தேன். அழுதாள்.

12 ஆகஸ்டு
பேச்சில்லை. அடைமழை. பலகை ஊதி, கீல் இறுகிவிட்டது. சனியன்!

14 ஆகஸ்டு
இன்று வாயைத் திறந்தாள். "நீங்க ரெண்டு பேரும் எப்பிடி உக்காந்திய? மேல ஏறிச் சம்மணம் போட்டுல்லா உக்காந்திய! என்னால கால மடக்க முடியுமா?"

அட மடையா. உளி பிடிப்பது சம்மணத்தில், சாப்பிடுவது சம்மணத்தில், சோபாவிலும் ஏறிச் சம்மணம்! இரண்டரை அடி என்பது என் சம்மணத்துக்கு எடுத்த அளவு. வெட்கமாக இருக்கிறது. அவளைப் போய் சந்தேகப்பட்டேனே.

16 ஆகஸ்டு, ஞாயிறு
காலைத் தொங்கப் போட்டு, அவளைப் போலவே காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் முட்டி மரத்து, முதுகு விண்ணென்று தெறித்தது. இரண்டு வாரமாக இதையா பொறுத்துக்கொண்டிருந்தாள்?

அப்புறம்தான் அவளை நூல் பிடித்து அளந்தேன். இடுப்பிலிருந்து முட்டி மடிப்பு வரை பதினேழு அங்குலம், முட்டியிலிருந்து தரை பதினைந்து. சட்டை தைப்பவன்கூட ஆளை அளந்துவிட்டுத்தான் துணியை வெட்டுகிறான்.

20 ஆகஸ்டு
மிக்கேல்ராஜும் நானும் மெத்தையைப் பாதியாகக் குறைத்தோம். சோபாவின் காலையும் அறுத்தேன். ஆசனத்தைப் பதினாறு அங்குலத்துக்குச் சுருக்கினேன். படுக்கும்போது அதை முன்னால் இழுத்தால் சாய்மானப் பலகை பின்னால் படுத்துக்கொள்ளும். அவள் உட்கார்ந்து பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குப் பயம்.

23 ஆகஸ்டு, ஞாயிறு
காலையிலேயே தளவாய் வந்துவிட்டான். "பெட்டிய எடுத்து வைக்கா" என்றான். அவள் நன்றாகச் சாய்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, கூலிக்கு வாங்கிய கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு இங்கன நல்லாத்தாம்ல இருக்கு. சாப்ட்டுட்டு, எனக்கு எடுத்த டிக்கட்டத் திருப்பிக் குடுத்துட்டு வா."

சாயங்காலம் டிக்கட்டைத் திருப்ப அவனுடன் வி.டி. ஸ்டேஷன் போனேன். வரிசை வாசல் வரை நின்றது. "நீங்க போய் உக்காருங்க மாப்ள, நான் நிக்கேன்" என்றேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன், கால் வலி தெரியவே இல்லை.