வலிக்காத கால்

பிப்ரவரி 9, திங்கள்

லைன் வேலையின்போது டெலிபோன் கம்பத்திலிருந்து விழுந்து ஐந்து வாரம். முதுகெலும்பு அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி இல்லை. காலையில் நர்ஸ் வழக்கம்போல் வயிற்றில் ஊசி போட்டார்.

"அசையாத கால்ல ரத்தம் தேங்கிக் கட்டிக்கும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து. முதல் மூணு மாசம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

கட்டினால் வலிக்குமே, உடனே சொல்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு வலிக்காதேண்ணா."

அது எனக்கு உறைக்கவே இல்லை.

பிப்ரவரி 12

ஜன்னல் வழியே ஒரு கம்பம் தெரிகிறது. வயரைக் கட்டியிருக்கும் லட்சணம்! எவன் கட்டினானோ. மேலே ஏறினால் ஊரே என்னுடையது. மொட்டை மாடியில் தலை உலர்த்துபவர்கள், பாடம் படிப்பதுபோல் தூங்கும் பிள்ளைகள். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். போர்வையை விலக்கியவள், "இடது கால் வீங்கியிருக்கேடா. சூடா வேற இருக்கு. உருவிவிட்டா வத்திடும்" என்றாள். யாருடைய காலைப் பற்றியோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"அண்ணி, தொடாதீங்க."

வாசலில் என் மனைவி. அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

"நான் தூக்கி வளர்த்த பிள்ளைம்மா."

"தெரியும் அண்ணி. உள்ள கட்டி இருந்தா, தேய்க்கும்போது கிளம்பிடும்."

பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். வலது பதிமூன்றரை அங்குலம். இடது பதினைந்து. நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி கூடவே நடந்து வந்தாள். பயம். செத்துகித்துப் போயிட்டா? இவ தனியா என்ன பண்ணுவா? இத்தனை வருஷம் மறைத்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன் – கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த தையல் கடையில் முதல் தடவை போன் கெட்டது நிஜம். அடுத்த நாலு தடவையும் வயரைக் கழற்றிவிட்டது நான்தான் என்று.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நாங்க புகார் குடுக்குறதுக்கு முன்னாடியே ஏணியோட வந்து நிப்பீங்களே."

ஸ்ட்ரெச்சர் தள்ளியவரும் சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 18

தொடை ரத்தக்குழாயில் கட்டி. நுரையீரலுக்குப் போகவில்லை. ஊசி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22

அக்கா இன்று என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதில் நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டபோது, இறங்கும்வரை கீழே முந்தானையை விரித்துப் பிடித்தபடி நின்றவள். விழுந்திருந்தால் அந்தத் துணி என்னைத் தாங்கியிருக்குமா? அவளிடம் கேட்கவில்லை.

"அவ சத்தம் போட்டது நல்லதாப் போச்சு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 8, திங்கள்

சக்கர நாற்காலியில் வேலைக்கு முதல் நாள். புகார்ப் பிரிவு. வீட்டில் இரண்டு காலையும் பார்த்து, அளந்து, மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

பதினோரு மணிக்கு ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். போன் கரகரக்கிறதாம். "போன தடவை ஒருத்தர் வந்தாரே, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள மேல ஏறிட்டாரு. அவரையே அனுப்புங்களேன்."

எந்தத் தெரு, எந்தக் கம்பம், எல்லாம் எனக்குத் தெரியும்.

"அவரு இப்போ ஏறுறதில்லைம்மா. வேற ஆளை அனுப்புறேன்."

"ஐயோ. நல்லா இருக்காரில்ல?"

"இருக்காரும்மா" என்றேன்.