பதினெட்டாவது அச்சு

மார்ச் 4, செவ்வாய்

பதினேழாவது அச்சும் உருப்படவில்லை. காலையில் அதில் வந்த டிரிப்பரில்தான், தாள் வைத்து வடிக்கும் பீங்கான் கூம்பில்தான், காபி போட்டேன். தூளின் மேல் தண்ணீர் குளம் கட்டி நின்றுகொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டியது ஐந்தேகால் ஆனது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் பக்கத்தில் ரொட்டி கருகியதைக் கவனிக்கவில்லை. என் மனைவி கருகலைக் கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டாள். காபியை இரண்டு வாய் குடித்தாள், கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"கசந்து போச்சு."

"தெரியும். உள்வரிக்கு ஆழம் பத்தல. சரி பண்ணிடறேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எந்த வரி வரைக்கும் எழுத்து தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அங்கே அவள் வேலை. அந்தக் கறார் நாக்கிலும் உண்டு. முகத்துக்காக ஒரு காபியை நல்லது என்று சொன்னதே இல்லை. அதனால்தான் நான் செய்கிற ஒவ்வொரு டிரிப்பரும் முதலில் அவளிடம் வருகிறது.

மார்ச் 6, வியாழன்

சூளைக்காரர் சுட்டுக் கொடுத்ததில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். என் கணக்கு சரி. கிளேஸ், அந்தக் கண்ணாடிப் பூச்சு, உருகி வழிந்து கூம்பின் உள்சுவரில் மேடாக ஓடும் வரிகளுக்கு நடுவில் தேங்கியிருக்கிறது. வெட்டும்போது மேடும் பள்ளமுமாக இருந்த சுவர், சூளையைவிட்டு வரும்போது வழவழவென்று ஆகிவிடுகிறது. ஈரமான ஃபில்டர் தாள் அதில் போய் அப்பிக்கொள்கிறது. காற்று வெளியேற வழி இல்லை. காற்று போகாமல் தண்ணீர் எப்படி இறங்கும்? தூளிலேயே ஊறுகிறது. முதலில் புளிப்பு வரும், பிறகு இனிப்பு வரும். அதற்குப் பிறகும் ஊறினால் வேண்டாததெல்லாம் வரும்.

வரிகளை அரை மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். அவ்வளவுதான். அரை மில்லிமீட்டருக்கு மூன்று வருஷமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்! பீங்கான் பட்டறையில் எல்லோரும் என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுவது மரியாதைக்காக இல்லை என்பது தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கேயாவது வெளியே போகலாமா என்று கேட்டாள். அச்சுக்கு ஊற்றிய பிளாஸ்டர் இறுகட்டும், ஒரு மணி நேரம் என்றேன். இறுக மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அவள் சோபாவில் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பவில்லை. வரிகள் நன்றாக விழுந்திருக்கின்றன.

மார்ச் 13, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பதினெட்டாவது டிரிப்பர் காலையில் கைக்கு வந்தது. பொறுக்கவில்லை, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்கு அரைநாள் விடுமுறை. கூம்பைச் சுடுதண்ணீரில் காட்டிச் சூடாக்கி, தாளை நனைத்து, முப்பது கிராம் தூளைப் போட்டு ஊற்றினேன். தாள் சுவரில் ஒட்டவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவில் சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. தலைகால் புரியவில்லை எனக்கு.

அவள் முழுக் கோப்பையையும் குடித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மடையன். வரி எத்தனை உயர்த்தினேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நான் காபியச் சொல்லல."

"என்னிக்கு?"

"கசந்து போச்சுன்னேனே. நம்மளச் சொன்னேன். நீங்க வரிக்கு ஆழம் பத்தலன்னீங்க."

அப்புறமும் என்னென்னவோ சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடைக்குப் பக்கத்தில், தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் ஒரு அறை இருக்கிறதாம், அங்கே போகிறாளாம்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்பது நாள். அவள் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் பிளாஸ்டரைச் சுரண்டியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

போய்விட்டாள். பெட்டியைப் படியில் இறக்கிக் கொடுத்தது நான்தான். கனமான பெட்டி, அவள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இதில் மட்டும் எனக்குக் கவனிப்பு. கொஞ்ச நாளைக்குத்தானா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் அப்படிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்டினேன்.

அக்கா போன் செய்தாள். எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. அவளுக்கு வந்த கோபமெல்லாம் தம்பி பெண்டாட்டிமேல்.

"அப்படி என்னடா குறை கண்டுட்டா? நீ குடிக்கிறியா, அடிக்கிறியா?"

"அவ பேசினது எனக்குக் கேக்கலக்கா."

காதில் ஏதாவது கோளாறா, டாக்டரிடம் காட்டினாயா என்று பதறிவிட்டாள் பாவம். சிரிப்பு வந்தது. பிறகு போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்து மூன்று வயதில் தரையில் உட்கார்ந்து.

மார்ச் 25, செவ்வாய்

டிரிப்பர் கேட்டிருந்த காபிக் கடைக்காரம்மா பட்டறைக்கே வந்து மூன்று முறை ஊற்றிப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே நேரம், ஒரே ருசி. யார் ஊற்றினாலும் சொதப்பாது போலிருக்கிறதே என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார் சூளைக்காரர். நல்லா இருக்குன்னாங்க என்றேன். அது பொய்யில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவள் போன் செய்து அரை மணி நேரம் பேசினாள். நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். போன வருஷம் வேறு ஊரில் திறக்கும் புதுக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள். போகட்டுமா, நீங்களும் வருவீங்களா என்று கேட்டாளாம். நான் 'ம்' என்றேனாம். அடுத்ததாக, கசப்பு முதல் வாயில் தெரிகிறதா கடைசியிலா என்று கேட்டேனாம். மறுநாள் அவள் கடையில் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்தக் காலை நினைவே இல்லை. நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது. 'பதினொன்றாவது அச்சு. துளை சிறியது, மெதுவாக இறங்குகிறது. கடைசி வாயில் கசப்பு.' அவள் பதில்கூடச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்திலும், கடைசி வாயில்தான் என்று பதில் சொல்லியிருக்கிறாள்! என் நோட்டில் அவள் நாக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. அவள் ஒரு வரிகூட இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மீதித் துணிகளை எடுக்க வந்தாள். மெலிந்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். அழகாக இருந்தது. சொன்னேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

என்னென்னவோ பேச வேண்டும் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, காபி போடட்டுமா. சரி என்றாள். தூள் போட்டேன். நனையும் அளவுக்கு முதல் தண்ணீர் ஊற்றினேன். அது பொங்கி அடங்க அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று.

சொன்னாள். கல்யாணமான புதிதில் நாங்கள் பேசிக்கொண்டே பஸ்ஸைத் தவறவிடுவோம், அதிலிருந்து ஆரம்பித்தாள். இடையில் நான் ஒன்றிரண்டு கேட்டேன். புதுக் கடைக்கு இப்போது அவளை மறுபடி கேட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதம் போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அதில் கோபமே இல்லை.

எழுந்தபோது மேசையைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"மீதித் தண்ணிய ஊத்தவே இல்ல நீங்க."

கூம்பில் நனைத்த தூள் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தது. கெண்டி ஆறிப்போயிருந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. நான் கடிகாரத்தையே பார்க்கவில்லை.

"இந்தக் காபிய முன்னாடி ஒரு தடவையாவது மறந்திருக்கலாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மே 6, செவ்வாய்

புது ஊருக்குக் கிளம்பிவிட்டதாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். நல்லபடியா போ என்று பதில் போட்டேன். நாலு முறை எழுதி அழித்த பிறகு அதுதான் மிஞ்சியது.

மே 15, வியாழன்

எனக்கு மட்டும் போட்டால் காபி கழுநீர் மாதிரி வருகிறது. ஏன் என்று தெரியும். இந்தக் கூம்பு இரண்டு பேருக்கு அளவெடுத்தது. முப்பது கிராம் போட்டால்தான் தூளுக்கு உயரம் கிடைக்கும், தண்ணீர் அதன் ஊடாக இறங்கும். பதினைந்து கிராம் போட்டால் அடியில் கொஞ்சமாகப் படிந்துகொள்கிறது. ஊற்றுகிற தண்ணீரில் பாதி தூளைத் தொடாமல் பக்கவாட்டுத் தாள் வழியாகவே நழுவிப் போய்விடுகிறது. நான் உயர்த்திய வரிகள்தான் அதற்கு வழிவிடுகின்றன. தூளை இன்னும் மசிய அரைத்தேன், சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஊஹூம்.

அதனால் தினமும் இரண்டு பேருக்கே போடுகிறேன். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைத் தொட்டியில் ஊற்றுகிறேன்.

சிறியதாக ஒன்று செய்துகொள்ளேன், உனக்கென்ன தெரியாதா என்றார் சூளைக்காரர். நேரமில்லை என்றேன். செய்யமாட்டேன். எதுக்குச் செய்யணும்?

ஜூன் 3, செவ்வாய்

கொழுந்தியாள் போன் செய்தாள். தன் அக்கா அங்கே நன்றாக இருக்கிறாள், வீடு பார்த்துவிட்டாள், சாமான் வாங்கிவிட்டாள் என்றாள். நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டேன். தூங்குகிறாளாம். அது போதும். போதும் என்று எழுதிவிட்டேன், நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பட்டறை விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு போனேன். அச்சு வெட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. கூம்பின் வாய் எண்பத்தைந்து மில்லிமீட்டர் வர வேண்டும். சூளையில் சுருங்கும் என்பதால் தொண்ணூற்றேழு வைத்து வெட்டியிருக்கிறேன். உள்வரி அதே உயரம். துளை கொஞ்சம் சிறியது.

எந்த அச்சு என்று தெரிய அடியில் பென்சிலால் எழுதி வைப்பது பட்டறை வழக்கம். பத்தொன்பது என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஒரு ஆள்.