இங்கிலாந்தில் ஒரு சின்னநாச்சி குடி

காக்கா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் நீங்கள் எழுதிய அத்தியாயம் வருகிறது. தகவல் தந்தவர் உங்கள் மகள் ஃபர்ஹானா. இன்று முற்பகல் தொலைபேசியில் சொன்னாள். கடைசிப் பக்கம் மட்டும் அச்சுக்குப் போகாமல் நிற்கிறது. நிற்பது உங்களால்தான்.

அச்சுப்படிகளை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். உங்கள் கம்பளிக் கழுத்துத்துணியில் சுற்றியிருந்தாள். பிரித்ததும் உங்கள் தைல வாசனை கல்முனையில் என் மேசை முழுக்கப் பரவியது. இந்த வெயிலில் அந்தத் துணியைப் பார்த்தாலே வியர்க்கிறது. ஆனாலும் கதிரையின் முதுகில்தான் போட்டிருக்கிறேன்.

மருதமுனைத் தபாலகத்தில் நீங்கள் அதிபராகவும் எனக்கு அண்ணன் முறையில் காக்காவாகவும் இருந்த காலத்தில், நான் பத்திரிகைக்கு எழுதிய கலியாணச் செய்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“தம்பி, மாப்பிள்ளை பேர் இருக்கு, படிப்பு இருக்கு, சேர்ட்டுட நிறம் கூட இருக்கு. எந்தக் குடி எண்டு எங்க இருக்கு?”

“அதெல்லாம் பேப்பர்ல போடுறல்ல காக்கா.”

“அப்ப இது செய்தியில்ல, விளம்பரம்.”

நம் பக்கத்தில் குடி என்பது தாய் வழியில் வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் தலைவராக ஒரு மரைக்கார். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை பெட்டியோடு அங்கே குடியேறுவார். நீங்கள் ஓடக்கரைக் குடி, உங்கள் மனைவியான என் மதினி சின்னநாச்சி குடி. எந்தக் குடி பெரியது என்று நீங்கள் இருவரும் சண்டை பிடிக்காத ஒரு பகற்சோறு எனக்கு நினைவில்லை.

மகளோடு இருக்க நீங்களும் மதினியும் அந்தக் கிராமத்துக்குப் போனீர்கள். ஆடுகளும் தேவாலயமும் மழையும் உள்ள ஊர். “சனம் நல்ல சனம் தம்பி. ஆனா எத்தின வருஷம் போனாலும் எப்ப வந்தீங்க எண்டுதான் கேக்குது” என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அடுத்தடுத்த அழைப்புகளிலும் அதையே சொன்னீர்கள்.

அங்குள்ளவர்கள் ஊர் வரலாறு எழுதப் புறப்பட்டபோது, தேத்தண்ணியும் கேக்கும் தருவார்கள் என்று நீங்களும் கூட்டத்துக்குப் போனீர்கள். குழுவின் தலைவி மார்கரெட் மரியாதைக்காகக் ‘குடும்பங்கள்’ என்ற அத்தியாயத்தை உங்களிடம் தந்தார். நீங்கள் எழுதுவீர்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மறுநாளே குடையோடு வீடு வீடாகக் கிளம்பிவிட்டீர்கள்.

“என்ன கேட்டீங்க காக்கா?”

“வேற என்ன? உங்கட உம்மாட உம்மா ஆரு, அவட உம்மா ஆரு எண்டுதான். ஆம்புளையள்ற பேரை வச்சிக் கணக்கெடுத்தா குடும்பம் எப்படித் தெரியும்? இஞ்ச வீட்டையும் ஆம்புளைக்கே குடுத்து வச்சிருக்கானுகள். கொஞ்சமும் ஒழுங்கில்ல.”

அப்படிக் கேட்டுக் கேட்டு அந்தக் கிராமத்தையே குடிகளாகப் பிரித்துவிட்டீர்கள். அதோடு நின்றிருக்கலாம். அடுத்த கூட்டத்தில், பண்ணைக்காரர் டேவிட்டின் மகனுக்குக் கலியாணம் என்று எல்லோரும் கைதட்டும்போது நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

“இது ஏலாது. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே குடி.”

அவர்களின் பூட்டிகளுக்கும் முந்திய இரண்டு பெண்கள் கூடப்பிறந்தவர்கள் என்று விளக்கினீர்களாம். மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். டேவிட் சிரிக்கவில்லை. “எண்ட மகன்ட கலியாணத்த நிப்பாட்ட இவர் ஆர்? இந்த அத்தியாயம் வந்தா எங்கட குடும்பம் புத்தகத்திலயே வராது” என்று எழுந்து போய்விட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு நீங்கள் மருதமுனைத் தமிழில் சொன்னீர்கள்.

அன்றுதான் உங்கள் குரல் இறங்கிப்போனது. “பிழைச்சிப் போச்சி தம்பி. ஊர்ல ஒரு ஆளாகலாம் எண்டுதான் செஞ்சன். இப்ப புத்தகத்திலயும் இல்ல, கேக்கும் இல்ல.”

கலியாணம் நடந்தது. மணப்பெண்ணே வீட்டுக்கு வந்து உங்களை அழைத்தாள். “தடுக்க ஏலாமப் போச்சி. அதால இருந்து திண்டுட்டு வந்தன். மீன் நல்லம், உப்புத்தான் இல்ல” என்றீர்கள். நாம் கடைசியாகக் கதைத்தது அதுதான். அடுத்த அழைப்பில் ஃபர்ஹானா உங்கள் மரணச் செய்தியைச் சொன்னாள்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். ஊரில் இப்போது வாழும் குடும்பங்களை உங்கள் முறைப்படியே அதில் தந்திருக்கிறார்கள். ஃபர்ஹானாவின் வீட்டுக்கு நேரே சின்னநாச்சி குடி என்று இருக்கிறது. மதினியின் குடி கடல் கடந்தும் வென்றுவிட்டது. உங்கள் பெயர் இல்லை. ஆண் தன் உம்மாவின் குடிதான், மனைவியின் குடியில் அவனுக்கு இடமில்லை என்று அத்தியாயத்தின் முதற்பக்கத்திலேயே நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஓடக்கரைக் குடிப் பெண் ஒருத்தியும் அந்தக் கிராமத்தில் இல்லை.

பக்கத்தை நிறுத்தியவர் யார் தெரியுமா? டேவிட். கலியாணத்துக்குப் பிறகு அத்தியாயத்துக்கான எதிர்ப்பை விட்டுவிட்டவர், இப்போது அந்த மனுஷனின் பெயர் இல்லாமல் புத்தகம் வரக்கூடாது என்று மேசையைத் தட்டினாராம். ஆனால் நீங்கள் எழுதிய விதியை மார்கரெட் மீற மாட்டாராம். நம் ஊரில் விசாரித்துச் சொல்லும்படி கேள்வி என்னிடம் வந்தது.

பள்ளிவாசலில் இருவரைக் கேட்டேன். மூன்று பதில் கிடைத்தது. கடைசியில் ஃபர்ஹானாவிடம் சொல்லி மதினியைக் கேட்டேன்.

“அவர் எங்கட குடியில்ல” என்றார் மதினி உடனே. “நான் எப்பவும் சொல்ற கதைதானே.” தொலைபேசியை வைக்கப் போன என்னை நிறுத்தினார். “எங்கட வீட்டு மாப்பிள்ளை. அப்படிப் போடச் சொல்லுங்க தம்பி.”

அதையே எழுதி அனுப்பினேன்: சின்னநாச்சி குடி, கீழே உங்கள் பெயர், பக்கத்தில் ‘வீட்டு மாப்பிள்ளை’. விதி மீறப்படவில்லை. உங்களுக்குத்தான் கோபம் வரும்.

இப்போதெல்லாம் கலியாணச் செய்தி வந்தால் கை தானாக நிற்கிறது. பேப்பரில் போடுவதில்லை, ஆனால் கேட்டுக்கொள்கிறேன்.

குழு செவ்வாய்க்கிழமை மாலை கூடுகிறது. முடிவை மார்கரெட் ஃபர்ஹானாவுக்குச் சொல்வார், அவள் எனக்குச் சொல்வாள். அதுவரை நீங்கள் அந்த ஊர்க்காரர் என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படாத செய்தி.