திராட்சை வெட்டு முடியட்டும்

மதினி,

இன்று காலை உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மேலே உங்கள் கல்யாணச் சேலை, அதற்குக் கீழே அந்த மெரூன் ஸ்வெட்டர். கம்பத்து வெயிலில் ஸ்வெட்டர் வாங்கிய ஒரே ஆள் நீங்கள்தான் என்று எத்தனை முறை உங்களைக் கேலி செய்திருப்பேன். இன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஒரு மாத விசாவில், உங்கள் சித்தியோடு வீரபாண்டித் திருவிழாவுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தீர்கள். தூரத்துச் சொந்தம் என்று எங்கள் வீட்டில் தங்கினீர்கள். நீங்கள் தீச்சட்டி எடுத்து வந்ததைப் பார்த்த அண்ணனுக்கு அதன் பிறகு தோட்டத்தில் வேலை ஓடவில்லை. திருவிழா முடிந்த கையோடு அதே கோயிலில் தாலி கட்டிவிட்டார். சித்தி மட்டும் ஊர் திரும்பினார். விசா என்ன ஆகும் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு மருமகளுக்கு எதற்கு விசா என்றார் அப்பா.

பிறகு கேட்கவே பயமாகிவிட்டது. அங்கே சண்டை நடந்த காலம். சிலோன்காரர் என்று தெரிந்தால் போலீஸ் பிடித்து அகதி முகாமுக்குக் கொண்டுபோய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் யாரையோ பிடித்து ரேஷன் கார்டில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார். "இனிமே ஒன்னய ஒருத்தரும் அசைக்க முடியாது" என்று அதைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். அன்று நீங்கள் பாயசம் வைத்தீர்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த அட்டைதான் பின்னால் உங்கள் காலைக் கட்டியது.

உத்தமபாளையத்தில் நான் டைப் அடிக்கும் வக்கீலிடம் உங்கள் இருவரையும் கூட்டிப்போனபோது உங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வக்கீல் பதறவில்லை. இதில் ஒளிந்திருக்க ஒளிந்திருக்கத்தான் சிக்கல் கூடும் என்றார். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, தேனி எஸ்.பி. ஆபீசில் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போய், விசா முடிந்தும் தங்கிவிட்டதை ஒப்புக்கொண்டு மனு கொடுக்க வேண்டும். அபராதம் போடுவார்கள். இந்தியரின் மனைவி என்ற முறையில் தங்குவதற்கு அனுமதி கேட்கலாம். அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமானால் வெளியேறும் அனுமதி வாங்கிப் போய், அங்கிருந்து புது விசா கேட்டுத் திரும்பலாம். உத்தரவாதம் கிடையாது, ஆனால் வழி உண்டு. குடியுரிமைக்கு மட்டும், விசா இல்லாமல் இருந்த வருஷங்கள் குறுக்கே நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களை இந்தியர் என்று பொய்யாகக் காட்டும் ரேஷன் கார்டில் இருக்கும் பெயரை நாமே போய் எடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்த வாரமே குமுளிக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கினீர்கள். உங்கள் தோளில் வைத்து அளந்துவிட்டு, "எங்கம்மா என்னையவிட ஒரு சுத்து பெருசு" என்று பெரிய அளவாகக் கேட்டீர்கள். நீங்கள் விட்டுவிட்டு வந்தபோது அம்மா இருந்த அளவு அது.

அண்ணனுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. பெயரை எடுத்தால் ஆளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் நம்பினார். முடியாது என்று சொல்லவில்லை. "இந்த வெட்டு முடியட்டும், போவோம்" என்றார்.

எங்கள் திராட்சையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? மேலத் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது கீழத் தோட்டத்தில் பழம் பழுத்து நிற்கும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் வெட்டுதான். மற்ற ஊர்க்காரன் அறுவடை முடியட்டும் என்றால் அதற்கு ஒரு மாதம் உண்டு. கம்பத்துக்காரன் சொன்னால் அது எந்த நாள்? நான் அண்ணனோடு வாய்ச்சண்டை போடும்போதெல்லாம் நீங்கள்தான் என்னை அடக்குவீர்கள். "விடு பிள்ள, ஒங்கண்ணன் பயந்துபோயிருக்காக."

ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் போடுவீர்கள். எப்போது வருகிறாய் என்று அந்தப் பக்கம் ஒரே கேள்வி. கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டு நீங்களும் வெட்டு முடியட்டும்மா என்பீர்கள். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வருவீர்கள். அந்தச் சிரிப்பை நாங்கள் எல்லோரும் வசதியாக நம்பிக்கொண்டோம்.

அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று உங்கள் தங்கையிடமிருந்து செய்தி வந்த அன்று நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு, "ஒங்கண்ணன்ட்டச் சொல்ல வேணாம். வா, தேனிக்குப் போவோம்" என்றீர்கள். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. அந்த ஆபீசில் ஒரு பெண் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் உட்காரச் சொன்னார். அதற்கே உங்கள் கண் கலங்கிவிட்டது.

"புருஷன், பிள்ளையோட இந்தா பக்கத்துலதான இருந்திருக்க. இத்தன வருஷமா ஏம்மா வரல?" என்று கேட்டார்.

"திராட்ச வெட்டு முடியட்டும்னு இருந்தோம்" என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை.

முகாமும் இல்லை, கைதும் இல்லை. விசாரணை, அபராதம், கொஞ்சம் அலைச்சல். ரேஷன் கார்டுக்காக நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு பெயரை எடுத்தோம். விஷயம் தெரிந்ததும் அண்ணனே கூட வந்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் வெளியேறும் அனுமதி கைக்கு வந்தபோது அங்கே அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். நீங்கள் போகவில்லை. தங்கும் அனுமதியை மட்டும் கேட்டு வாங்கி, வருஷா வருஷம் என்னோடு வந்து புதுப்பித்தீர்கள். வீட்டுக்குச் சீனி குறைந்துபோனதே என்று ரேஷன் கார்டைக் காட்டி அண்ணனைச் சீண்டுவீர்கள். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அதே தேனி ரோட்டில், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் வற்றிவிட்டது, மதினி. வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்களைப் பறிகொடுத்துவிடுவோம் என்று பயந்தே உங்கள் அம்மாவிடமிருந்து உங்களைப் பறித்து வைத்திருந்தோம்.

நாளைக்கு நானும் உங்கள் மகளும் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறோம். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் மெதுவாக, "அடுத்த வெட்டு முடியட்டும், நானும் வாறேன்" என்றார்.

"நீங்க வெட்டுங்கப்பா. நாங்க போயிட்டு வாறோம்" என்றாள் மகள்.

அவர் பாதியில் எழுந்து தோட்டத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து ஒரு கூடைப் பழத்தோடு வந்து, அதை எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பன்னீர் திராட்சை அவ்வளவு தூரம் தாங்காது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்வெட்டரைப் பையில் மேலாக வைத்திருக்கிறேன். உங்கள் தங்கைக்குக் கொடுப்பேன். அளவு பெரிதாக இருந்தாலும் போட்டுக்கொள்ளட்டும். எங்களுக்கு ஒரு மாதம்தான் விசா கொடுத்திருக்கிறார்கள், மதினி. உங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள்.